பாரம் ஏறினால் தெரியும்

பழுதுபட்ட யந்திரத்தைப் பற்றிப் பேசும்போது நம் மெக்கானிக்குகள் ஓர் அருமையான சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். "வண்டி ஓடுது சார், ஆனா இழுக்கலை" என்பார்கள். தமிழில் இதைவிடச் சுருக்கமாக இந்த நோயைச் சொல்ல முடியாது.

நின்று போன யந்திரம் யாரையும் ஏமாற்றுவதில்லை. அது போய்விட்டது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். இழுக்காத யந்திரத்தின் கதை வேறு. அது கிளம்புகிறது; சத்தம் போடுகிறது; புகை விடுகிறது; பக்கத்தில் நிற்பவனுக்கு நம்பிக்கையும் கொடுக்கிறது. மேடு ஏறும்போதுதான், நாலு பேர் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அதன் சக்தி எங்கோ போய்விட்டது என்று தெரிய வருகிறது. அப்போது இறங்கித் தள்ளுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

மனிதனுடைய நல்ல குணத்துக்கும் இந்த நோய் உண்டா என்று நான் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தைரியம், இரக்கம், பிறருக்குக் கை கொடுக்கும் பழக்கம் இவற்றையெல்லாம் நாம் பெட்டியில் பூட்டி வைத்த பட்டுப் புடவையைப் போல நினைக்கிறோம். வேண்டும்போது எடுத்து உடுத்திக்கொள்ளலாம் என்று எண்ணம். "சமயம் வந்தால் நான் சும்மா இருந்துவிடுவேனா?" என்று கேட்காதவர் யார்? ஆனால் சமயம் வருவதற்கு எட்டு வருஷம் ஆனால், அந்தக் குணம் எட்டு வருஷம் கெடாமல் இருக்குமா? நல்ல குணம் என்பது சேமித்து வைக்கக்கூடிய சரக்குதானா?

இந்தக் கேள்வியை என் மனத்தில் கிளப்பிவிட்டது ஒரு பழைய படகு மோட்டார்.

படகின் பின்பக்கத்தில் வெளியே மாட்டித் தொங்கவிடுகிறார்களே, அந்த வகை மோட்டார். தலையில் எஞ்சின்; கீழே நீண்ட தண்டு; அடியில், தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறி. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் இருந்த ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ஆம் ஆண்டில் இதை விற்பனைக்குக் கொண்டு வந்து வெற்றி கண்டார். தாம் மணக்க இருந்த பெண்ணுக்காக ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்தாராம். வந்து சேருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஏமாற்றத்தில் பிறந்ததாம் இந்த யோசனை. கதையில் கொஞ்சம் சர்க்கரை கூடுதலாக இருக்கலாம். ஆனால் ஒருத்தி கரையில் காத்திருக்கிறாள், போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்த யந்திரம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் அம்பத்தூருக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் ஏரிகளால் வந்தது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் என்று சென்னைக்கு மேற்கே ஏரிகளுக்குக் குறைவே இல்லை. நிரம்பிய ஏரியில் மிஞ்சிய நீர் ஓடுவதற்கு நம் முன்னோர்கள் கலங்கல் கட்டிக் கால்வாயும் விட்டிருந்தார்கள். அந்தக் கால்வாய்களின் ஓரத்திலும், சில இடங்களில் கால்வாயின் மேலேயும் நாம் வீடு கட்டிக்கொண்டோம். தண்ணீருக்குப் பழைய வழி மறக்கவில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றின் கரைகளையெல்லாம் மூழ்கடித்ததை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது.

1964-இல் தொடங்கிய பேட்டை அது. பக்கத்தில் பாடியில் மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய மின்சாதனங்கள் செய்கிறார்கள். ஆவடியில் ராணுவ டாங்கியே செய்கிறார்கள். டாங்கிக்கு எஞ்சின் செய்ய அங்கே தனித் தொழிற்சாலையும் இருக்கிறது. சுருங்கச் சொன்னால், எஞ்சினைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம். அப்படிப்பட்ட வட்டாரத்தில்தான் இந்த மோட்டார் இழுக்காமல் போயிற்று.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், கொரட்டூர் ஏரிப் பக்கத்தில் ஒரு நகரில் வசிக்கிறார். 2015 வெள்ளத்தில் அந்த நகர்வாசிகள் மொட்டை மாடிகளில் இரண்டு நாள் தவித்தார்கள். தண்ணீர் வடிந்ததும் கூட்டம் போட்டார்கள். இனி ஒருவரை எதிர்பார்க்கக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் வசூல் செய்து ஒரு ஃபைபர் படகும், ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய மோட்டார் ஒன்றும் வாங்கினார்கள். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அப்போதே அதற்கு இருபது வயதுக்கு மேல். பூங்கா மூலையில் தகரக் கொட்டகை போட்டு இரண்டையும் வைத்தார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜையன்று, அந்த மோட்டாருக்கு மரியாதை நடக்கும். சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் இறக்குவார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தால் இரண்டாவது இழுப்பில் கிளம்பிவிடும். ஐந்து நிமிஷம் மெதுவாக, ஒரே சீராக ஓடும். குழந்தைகள் கை தட்டுவார்கள். பிறகு நிறுத்திவிட்டுப் பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். "நம்ம மோட்டார் ரெடியா இருக்கு" என்ற திருப்தியோடு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். நண்பர் அழைத்து நானும் ஒரு வருஷம் போயிருக்கிறேன். சுண்டல் நன்றாக இருந்தது.

எட்டு வருஷம் கழித்து அந்தச் சமயம் வந்தது. தெருவில் இடுப்புக்கு மேல் தண்ணீர். மின்சாரம் இல்லை. கடைசி வீட்டில் வாரத்துக்கு மூன்று முறை டயாலிஸிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவர். முறை தவறி ஒரு நாள் ஆகிவிட்டது. அவரையும், அவர் மனைவியையும், அடுத்த வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண்ணையும் ஏற்றிக்கொண்டு, கூட மூன்று இளைஞர்களுமாகப் படகு புறப்பட்டது. தெருவுக்குள் நன்றாகவே போயிற்று. பெரிய சாலைக்குத் திரும்பியதும் எதிர்த்து ஓடும் தண்ணீர். வேகத்தைக் கூட்ட முறுக்கினார்கள். எஞ்சின் இருமியது, அடங்கியது. முறுக்கைக் குறைத்தால் பழையபடி அழகாக ஓடிற்று. கூட்டினால் உயிரை விட்டது. படகு பின்னால் நழுவத் தொடங்கியது. கடைசியில் மூன்று பிள்ளைகளும் மார்பளவு தண்ணீரில் குதித்தார்கள். சாக்கடை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாத அந்த வெள்ளத்தில் ஒன்றரை மணி நேரம் படகைத் தோளால் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். பெரியவர் பிழைத்தார். இன்னும் ஓர் அரை மணி தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கொட்டகை வாசலில் பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. "விற்றவன் ஏமாத்திட்டான்" என்றார் ஒருவர். "பெட்ரோல் கலப்படம்" என்றார் இன்னொருவர். "பையன்களுக்கு ஓட்டத் தெரியலை" என்றார் மூன்றாமவர். பெரும்பாலோர் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார்கள்: "பழசு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க." எல்லாரிடமும் ஒரு குற்றவாளி இருந்தான். ஒருவரிடமும் ஒரு காரணம் இல்லை.

என் நண்பர் காசிமேட்டிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார். நாற்பது வருஷமாகப் படகு எஞ்சின்களோடு குடித்தனம் செய்கிறவர். வந்தவர் மோட்டாரைத் தொடவே இல்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"எப்ப இழுக்கல சார்? கிளம்பறப்பவா, ஓட ஓடவா, இல்ல லோடு ஏறினப்புறமா?"

"லோடு ஏறினப்புறந்தான் அண்ணே" என்றான் படகை ஓட்டிய பையன்.

"கத்திச்சா, அடங்கிச்சா?"

"அடங்கிப் போச்சு."

"சரி, அப்ப விசிறி வழுக்கல. விசிறிக்குள்ள ரப்பர் புஷ் வழுக்கினா எஞ்சின் மட்டும் ஓன்னு கத்தும், படகு நகராது. இது அது இல்ல." ஒரு சந்தேகம் கழிந்தது. ஒரு ஸ்பானரும் எடுக்காமல் கழிந்தது.

பெட்ரோல் டாங்கி மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திறக்க மறந்தால், பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, சில நிமிஷத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் வராமல் நின்றுவிடும். "திறந்துதான் இருந்துச்சு" என்றான் பையன். டாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவே குழாயில் கையால் அமுக்குகிற ரப்பர் பந்து ஒன்று இருக்கிறது. "அடங்குறப்ப அதை அமுக்கிப் பார்த்தியா?" பையன் கெட்டிக்காரன், அமுக்கிப் பார்த்திருக்கிறான். "ஒண்ணும் மாறலை அண்ணே." அமுக்கியதும் வேகம் பிடித்திருந்தால் பெட்ரோல் பம்பில் கோளாறு. பிடிக்கவில்லை, ஆகவே பெட்ரோல் எஞ்சின் வாசல் வரை வந்திருக்கிறது. தடை அதற்கும் உள்ளே.

அதன் பிறகுதான் பெரியவர் பெட்டியைத் திறந்தார். பிளக் இரண்டையும் கழற்றி நிறம் பார்த்தார், தீப்பொறி பார்த்தார். இரண்டிலும் நீல நிறத்தில் நல்ல பொறி. சிலிண்டர்களில் அழுத்தமானி வைத்துக் கயிற்றை இழுக்கச் சொன்னார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. "பிஸ்டன், ரிங்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. யாரு சார் சொன்னது பழசுன்னு?" என்று நிமிர்ந்து பார்த்தார். சொன்னவர்கள் அந்தச் சமயம் பூங்காவில் இருந்த வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் கார்புரேட்டரைக் கழற்றினார். அடிக் கிண்ணத்தில் தேன் நிறத்தில் பிசின் போல ஏதோ படிந்திருந்தது. அதன் நடுவே மெயின் ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் துண்டு. அதில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எங்களுக்குக் காட்டினார். வெளிச்சம் வரவில்லை.

"கார்புரேட்டர்ல ரெண்டு வழி சார். மெதுவா ஓடறதுக்குச் சின்ன வழி. லோடு இழுக்கறதுக்குப் பெரிய வழி. டிரம்முல வச்சு மெதுவா ஓட்டினா சின்ன வழிதான் வேலை செய்யும். எட்டு வருஷமா நீங்க சின்ன வழியத்தான் பார்த்துக்கினு இருந்தீங்க. பெரிய வழி எப்பவோ அடைச்சுப் போச்சு."

ஒவ்வொரு பூஜைக்குப் பிறகும் மிஞ்சிய பெட்ரோல் கிண்ணத்திலேயே தங்கிவிட்டது. பெட்ரோல் ஆவியாகும், பிசின் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். குழாயைக் கழற்றிவிட்டு, கிண்ணம் வற்றி எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விட்டிருந்தால் இவ்வளவு இல்லை. சிகிச்சைக்கு ஆன செலவு ஒரு டின் கிளீனரும், இரண்டு மணி நேரமும்.

அந்த மனிதர் செய்த காரியத்தைப் பற்றிப் பிறகு வெகு நேரம் யோசித்தேன்.

முதலில், "பழசு" என்ற சொல். காரணம் தேடும் சிரமத்திலிருந்து தப்பிக்க நாம் கண்டுபிடித்த வார்த்தை அது. மனிதர்களிடமும் இதைத்தானே செய்கிறோம்? அலுவலகத்தில் ஒருவருடைய வேலை தளர்ந்தால் "வயசாகிவிட்டது" என்கிறோம். ஒரு மருமகள் சிரிப்பதை நிறுத்திவிட்டால் "அவள் சுபாவம் அப்படி" என்கிறோம். படித்துக்கொண்டிருந்த பையன் பின்தங்கினால் "மண்டையில் ஒன்றும் இல்லை" என்கிறோம். எப்போதிலிருந்து, எந்தப் பாரம் ஏறிய பிறகு என்று கேட்பதில்லை. திருக்குறளில் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் இருக்கிறது. நோய் இன்னதென்று அறிந்து, அது எதனால் வந்தது என்றும் அறிந்த பிறகே மருந்தைத் தொட வேண்டும் என்பது அதில் வள்ளுவர் வகுத்த முறை. காசிமேட்டு மனிதர் அதை எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டார். ஆனால் மலிவான காரணத்திலிருந்து தொடங்கினார். வெளியிலிருந்து உள்ளே போனார். எஞ்சினைக் குற்றம் சாட்டுவதற்கு முன் அதற்கு வர வேண்டியது வந்ததா என்று பார்த்தார். மனிதனை விசாரிப்பதற்கும் இதைவிட நியாயமான வரிசை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்தது அது அல்ல. அந்த இரண்டு வழிகள்.

சின்ன வழி திறந்திருப்பதைக் கொண்டு பெரிய வழியும் திறந்திருக்கிறது என்று நினைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து வணக்கம் சொல்கிறோம். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து அனுப்புகிறோம். தெரிந்தவர் வீட்டில் துக்கம் என்றால் போய்க் கால் மணி உட்கார்ந்துவிட்டு வருகிறோம். இவையெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. டிரம்மில் ஓடிய எஞ்சினும் உண்மையாகத்தான் ஓடியது. ஆனால் அது ஒரு வழி. பாரம் இழுப்பது வேறொரு வழி. நம்முடைய சௌகரியம் கெடாத வரையில் செய்கிற நன்மை எவ்வளவு பெருகினாலும், சௌகரியம் கெடும்போது செய்ய வேண்டிய நன்மைக்கு அது ஜாமீன் ஆகாது. பெரிய வழி திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே உபாயம், அவ்வப்போது அதில் எதையாவது ஓட விடுவதுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வெள்ளம் வந்த அன்றுவரை ஒருவருக்கும் உதவாதவர்கள்கூட அன்று மார்பளவு தண்ணீரில் குதிக்கவில்லையா? அந்த மூன்று பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளலாமே? பல நாள் பழக்கம் இல்லாமல் அந்தக் குணம் எங்கிருந்து வந்தது?

விசாரித்துப் பார்த்தேன். ஒருவன் வீட்டில் படுத்த படுக்கையான பாட்டியைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டுகிறவன். இன்னொருவன் பட்டறைவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் இரவு ஷிஃப்ட் பார்த்துக் குடும்பத்தைத் தாங்குகிறவன். மூன்றாமவனைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தெரியவில்லை. அவன் வெறுமே குதித்துவிட்டான். ஆகவே சட்டம் போட நான் தயாராக இல்லை. மனிதன் யந்திரம் அல்ல. அடைத்த வழி ஒரு கணத்தில் திறந்துகொள்ளும் அதிசயம் அவனிடம் நிகழக்கூடும். ஆனால் அதிசயத்தை நம்பி ஒரு டயாலிஸிஸ் நோயாளியைப் படகில் ஏற்ற முடியுமா?

நியாயமான செயல்களைச் செய்து செய்துதான் ஒருவன் நியாயவான் ஆகிறான் என்று கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் கருதினார். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தன் ஆகிறான் என்பது அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று. இதற்கு நம் காலத்துச் சாட்சி வேண்டுமானால் மீனவர்களைப் பாருங்கள். 2015-இல் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும், படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஜனங்களை மீட்டவர்கள் அவர்கள். மீட்புக்கென்று அவர்கள் தனியாக எதையும் பூட்டி வைத்திருக்கவில்லை. காலையில் மீனுக்குப் போன அதே படகு, அதே எஞ்சின், அலையில் பாரத்தோடு போராடிய அதே கை. நேற்றும் இழுத்தது, அதனால் இன்றும் இழுத்தது.

இன்னொரு மறுப்பும் இருக்கிறது. அது முதலாவதைவிடக் கனமானது. தினமும் இழுக்கிற எஞ்சின் தேய்ந்துபோகாதா? தினமும் பிறருக்காகச் சுமக்கிறவர்கள் ஒரு நாள் ஓய்ந்துவிடுவதை நாம் பார்க்கவில்லையா? பார்த்திருக்கிறோம். ரிங் தேய்ந்து அழுத்தம் குறைந்த எஞ்சினை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது இழுக்காது. மாமியார், மாமனார், கணவன், பிள்ளைகள் என்று முப்பது வருஷம் சுமந்து தேய்ந்த ஒரு பெண்ணிடம் போய் "உன் இரக்கம் எங்கே போயிற்று?" என்று கேட்பவன் அறிவில்லாதவன். அவளுக்கு வேண்டியது உபதேசம் அல்ல, ஓய்வு. அவள் சுமையில் பாதியை ஏற்க இன்னொரு தோள். அதனால்தான் அழுத்தமானி வைத்துப் பார்ப்பது முக்கியம் என்கிறேன். தேய்ந்ததையும் அடைத்ததையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்: நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்து மனிதர்களில், நன்மை செய்து தேய்ந்தவர்கள் அதிகமா, செய்யாமல் அடைத்துக்கொண்டவர்கள் அதிகமா?

மோட்டாரைப் பூட்டி முடித்த பிறகு காசிமேட்டு மனிதர் ஒரு யோசனை சொன்னார். அதுதான் இந்தக் கதையில் உண்மையான சங்கடம்.

"இதை இங்க வைக்காதீங்க சார். மறுபடியும் இதே கதிதான். ஏரில ஓட்டிப் பார்க்கணும்னா ஆயிரம் பர்மிஷன் கேக்கணும். எண்ணூர்ப் பக்கம் ஒரு பையன் இருக்கான், எஞ்சின் இல்லாம துடுப்புப் போட்டுக்கினு இருக்கான். அவன் கிட்டக் குடுங்க. தினம் ஓட்டுவான். பெருமழைன்னு ரேடியோவுல சொன்னா அவனே எடுத்துனு வந்துடுவான்."

கொட்டகை வாசலில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு கேள்விகள் பொழிந்தன. அவன் வருவான் என்று என்ன நிச்சயம்? சாலை அடைத்துக்கொண்டால்? அவன் ஊரிலேயே வெள்ளம் என்றால்? எழுதிக் கையெழுத்து வாங்கலாமா? மாதம் இவ்வளவு என்று வாடகை வைக்கலாமா? எல்லாருடைய பணமும் போட்டு வாங்கிய சொத்தை முன்பின் தெரியாத ஒருவனிடம் எப்படிக் கொடுப்பது?

இவை அற்பக் கேள்விகள் அல்ல. பொதுப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் இவற்றைக் கேட்கத்தான் வேண்டும். மழை பெய்கிற ராத்திரியில் தன் வீட்டை விட்டுவிட்டு இன்னொருவன் வீட்டுக்காகப் புறப்பட்டு வா என்று ஒருவனைக் கேட்பதும் சின்ன விஷயம் அல்ல. ஆயினும் எதிர்ப் பக்கத்தில் ஒரே ஓர் உண்மை இருந்தது; அதை யாராலும் நகர்த்த முடியவில்லை. தங்கள் கொட்டகையில், தங்கள் பூட்டுக்குள், தங்கள் கண் முன்னால் எட்டு வருஷம் பத்திரமாக இருந்த மோட்டார்தான் அன்று இழுக்கவில்லை.

எது நிச்சயமானது? என் கைவசம் இருந்தும் இழுக்காத சக்தியா? இன்னொருவன் கையில் இருந்து, அவன் வார்த்தையை மட்டும் பிணையாகக் கொண்ட, இழுக்கிற சக்தியா?

என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். இரண்டாவதுதான் என்று சொன்னேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு என்றேன். அது எண்ணூர்ப் பையனுக்கு அல்ல, நகர்வாசிகளுக்கு. 2023 டிசம்பரில் அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்களுடைய படகுகளும் வலைகளும் கறுத்துப் போயின. பல நாள் பிழைப்புப் போயிற்று. 2015-இல் அவர்கள் படகு நகரத் தெருக்களுக்குள் வந்தது. 2023-இல் அவர்கள் கரைக்கு மேற்குப் புறநகர்களிலிருந்து எத்தனை பேர் போனார்கள்? மோட்டாரை மட்டும் கொடுத்துவிட்டு, மழைக் காலத்தில் அவன் வருவானா என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பது வியாபாரம். அவனுக்குக் கஷ்டம் என்றால் நாம் போவது, அவன் பிள்ளை படிப்புக்கு ஒரு வார்த்தை விசாரிப்பது, மீன் விலை சரிந்தால் கூடுதலாக இரண்டு கிலோ வாங்குவது, இப்படி வருஷம் முழுவதும் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பெரிய வழி அடைக்காமல் இருக்கும். அவன் வருவான் என்பதற்குக் கையெழுத்தைவிட அது நல்ல உத்தரவாதம். ஒருவேளை அவன் வராமல் போனாலும், நகர்வாசிகளில் பத்துப் பேருக்குப் பாரம் இழுக்கும் பழக்கம் வந்திருக்கும். அது நஷ்டக் கணக்கில் சேராது.

கூட்டத்தில் இதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. பூட்டி வைப்பது பத்திரம் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு புகட்டப்பட்ட பாடம். நகைக்கும் நிலப் பத்திரத்துக்கும் அது சரி. இன்னும் சில பொருள்கள் உலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பூட்டி வைத்தால், திருடன் வராமலேயே காணாமல் போய்விடும்.